எழுதிய கைக்கும் பங்குண்டா?

ஒரு காரியத்தைச் செய்யச் சொன்னவர் ஒருவர். அதனால் பயன் பெற்றவர் இன்னொருவர். இடையில் இருந்துகொண்டு, சொன்னபடி கையால் செய்து கொடுத்தவர் வேறொருவர். அந்தக் காரியத்தால் யாருக்கேனும் தீங்கு விளைந்தால், மறுமையில் கேள்வி கணக்கு யாரிடம்? சொன்னவரிடமா? செய்தவரிடமா? இருவரிடமுமா?

இது புதிய வினாவன்று. நம் இமாம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை அலசி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் வாழ்க்கை முறை மாறும்போது இதே வினா புதிய இடங்களில் எழுகிறது. இன்று அது, அச்சகத்துக் கணினியின் முன் அமர்ந்து வடிவமைப்புத் தொழில் பழகும் நம் வீட்டுப் பிள்ளைகளின் முன்னால் வந்து நிற்கிறது. அவர்களை மனத்தில் வைத்தே இதைச் சற்று சிந்திப்போம்.

அச்சகத்துக்கு வரும் பிள்ளை

முன்பெல்லாம் அச்சகம் என்றால் ட்ரெடில் இயந்திரமும் ஈய எழுத்துப் பெட்டிகளும்தாம். வேலை பழக வந்த பையனுக்கு முதல் பாடம், அச்சாகி முடிந்த எழுத்துகளைப் பிரித்து மீண்டும் அதனதன் அறையில் போடுவது. அதில் கை தேர்ந்த பிறகுதான் கம்போசிங் கட்டையைக் கையில் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தை எழுத்து எழுத்தாகக் கோத்து முடிப்பதற்குள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது கோப்பவனின் மனத்தில் பதிந்துவிடும்.

1980-களின் இறுதியிலிருந்து கணினி அந்த இடத்தைப் பிடித்தது. பேஜ்மேக்கர் 1985-லும், கோரல் ட்ரா 1989-லும், போட்டோஷாப் 1990-லும் வெளிவந்தன. பின்னர் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு வாரம் ஓவியர் ஏணியில் நின்று தீட்டிய பலகையை ஒரு மணி நேரத்தில் இயந்திரம் துப்பிவிடுகிறது. செங்கல்பட்டு நகரத்துக் கடைத்தெருவிலும், கோவளம் முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரைச் சாலை ஊர்களிலும் இத்தகைய கடைகளைக் காண்கிறோம். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், திருமண அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் வாழ்த்து, கட்சி வரவேற்பு, கடற்கரை விடுதிகளின் விலைப் பட்டியல் என்று எல்லாமே அங்குதான் உருவாகின்றன.

இத்தகைய கடைகளுக்குக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், ஒரு மாதமோ மூன்று மாதமோ பயிற்சிக்கு வருகிறார்கள். ‘இன்டர்ன்ஷிப்’ என்பது அதற்கு இன்றைய பெயர். கடைசியில் அவர்களுக்குத் தேவை ஒரு சான்றிதழ்; அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. இடையில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்படுவது இதுதான்: ‘தம்பி, கஸ்டமர் கேட்டதைப் போட்டுக் கொடு. மற்றதெல்லாம் நமக்கெதற்கு?’

நமக்கெதற்கு என்ற இந்தச் சொல் எந்த அளவுக்குச் சரி என்பதே இங்கு நம் கேள்வி.

ஒரு மதிய வேளையில் நடந்தது

2019 செப்டம்பர் 12. சென்னையின் தென்கோடியில், பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணை அருகே 23 வயதுப் பெண் பொறியாளர் ஒருவர் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சாலையின் நடுத்தடுப்பில் ஒரு திருமண வரவேற்புப் பேனர் அனுமதியின்றி வைக்கப்பட்டிருந்தது. காற்றில் அது சரிந்து அவர் மீது விழுந்தது. நிலைகுலைந்து சாலையில் விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பெண் உயிரிழந்தார்.

பேனரை வைத்த அரசியல் பிரமுகர் மீது வழக்குப் பதிவாயிற்று; பின்னர் அவர் கைதானார். லாரி ஓட்டுநர் கைதானார். குடும்பத்துக்கு இடைக்கால இழப்பீடாக 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. இவையெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் பலர் மறந்துவிட்ட இன்னொரு செய்தியும் உண்டு. அந்தப் பேனரை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தையும் அதிகாரிகள் பூட்டி முத்திரையிட்டனர்.

அன்று இந்த நடவடிக்கையைப் பற்றி இருவகைக் கருத்து எழுந்திருக்கக் கூடும். ‘அச்சிட்டவன் என்ன செய்வான்? அவனா சாலையில் கொண்டுபோய்க் கட்டினான்?’ என்பது ஒன்று. ‘இத்தனை அடி நீளத்தில் அச்சிட்டு, ஓரங்களில் கயிறு கோக்கத் துளையிட்டும் கொடுத்தவனுக்கு அது வீட்டுக்குள் மாட்டுவதற்கன்று என்பது தெரியாதா?’ என்பது மற்றொன்று. இரண்டையுமே எளிதில் தள்ளிவிட முடியாது.

அந்தச் சாலையில் அன்று விழுந்த பேனரை யாரோ ஒருவர் கணினியில் அமர்ந்து வடிவமைத்துத்தான் இருப்பார். மணமக்களின் படத்தை வெட்டி ஒட்டி, தலைவர்களின் முகங்களை வரிசைப்படுத்தி, பெயர்களைப் பெரிதும் சிறிதுமாக அமைத்திருப்பார். அவர் யாரென்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் உலகத்துக்கு இல்லை. ஆனால் தம் பிள்ளையை அந்தத் தொழிலுக்கு அனுப்பும் பெற்றோரும், அந்த நாற்காலியில் அமரும் பிள்ளையும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த நாற்காலியில் இருந்தவர் நானாக இருந்திருந்தால் என் பங்கு என்ன?

நாட்டுச் சட்டம் அச்சிடுபவரை எப்படிப் பார்க்கிறது?

அச்சிடுபவர் வெறும் கருவி என்று நாட்டுச் சட்டம் ஒருபோதும் கருதியதில்லை. 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவரின் பெயரும் அச்சான இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது நடைமுறையில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அதன் இடத்துக்கு வந்தது.

தேர்தல் துண்டறிக்கைக்கும் சுவரொட்டிக்கும் விதி இன்னும் கடுமையானது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி அவற்றில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அச்சடிக்கக் கொடுப்பவர், தம்மை நன்கறிந்த இருவர் சான்றளித்த உறுதிமொழியை அச்சகத்தாரிடம் தர வேண்டும். அச்சகத்தார் அதையும், அச்சிட்டதன் பிரதியையும் அதிகாரியிடம் சேர்ப்பிக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பேனர்களுக்கும் இப்படித்தான். அனுமதி எண்ணும் எத்தனை நாளைக்கு அனுமதி என்பதும் பேனரின் அடியிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த வரியை வேறு எவரும் பிறகு வந்து சேர்க்க முடியாது. வடிவமைக்கும்போதே சேர்த்தால்தான் உண்டு. ஆகவே, அந்த வரி இல்லாத பேனரை வடிவமைக்கும் கைக்கு, அதில் ஒன்று குறைகிறது என்பது தெரியாமல் இருக்க வழியில்லை.

சட்டத்தின் கேள்வி இத்துடன் முடிகிறது. சட்டத்துக்குப் பிடிபடாதவனும் தன் ரப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அல்லவா? மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

எழுத்தரைப் பற்றி மார்க்கம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வட்டியைக் கண்டித்தபோது, அதை உண்பவரோடு நிறுத்தவில்லை. கொடுப்பவரையும், அந்தக் கணக்கை எழுதுபவரையும், சாட்சிகள் இருவரையும் சேர்த்தே சபித்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருக்கிறது. எழுதியவர் வட்டியில் ஒரு காசும் பெறவில்லை. யாரையும் கடன் வாங்கத் தூண்டவுமில்லை. அவர் செய்ததெல்லாம், சொன்னதை எழுதியதுதான். இருந்தும் அவர் கணக்கில் சேர்க்கப்பட்டார்! ‘நான் சொன்னதைத்தான் எழுதினேன்’ என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை.

இதைப் படித்ததும், எழுதும் தொழிலே ஆபத்தானது போலும் என்று எண்ணிவிடலாகாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், எழுதுகிறவரின் கடமை பற்றியும் அது விரிவாகப் பேசுகிறது. எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும். அல்லாஹ் தமக்கு அந்த ஆற்றலைக் கற்றுக்கொடுத்திருக்கையில் அவர் எழுத மறுக்கக் கூடாது என்பது அதன் கருத்து. அறிவும் கைத்திறனும் அல்லாஹ்வின் அருட்கொடை; அதைப் பிறருக்குப் பயன்படுத்துவது கடமை.

அவ்வசனத்தின் இறுதிப் பகுதியில் எழுத்தரையும் தீங்கையும் பற்றி ஒரு கட்டளை வருகிறது. அங்குள்ள அரபுச் சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொள்ள இடமுண்டு என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். எழுத்தர் பிறருக்குத் தீங்கு இழைக்கலாகாது என்பது ஒன்று. எழுத்தருக்குப் பிறர் தீங்கு இழைக்கலாகாது என்பது மற்றொன்று. ஒரே சொல் இரு பக்கத்துக்கும் எச்சரிக்கையாக அமைந்திருப்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கையின் கடமை ஒரு பக்கம். அந்தக் கையை வேலை வாங்குபவரின் கடமை மறுபக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவது அரை நீதியே ஆகும்.

சாலையில் நீட்டப்படும் பொருளைப் பற்றியும் நம் ஃபுகஹாக்கள் மிகத் தெளிவாகப் பேசியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 593-ல், அதாவது 1197-ல், மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயா, ஹனஃபி ஃபிக்ஹின் பாடநூலாக மதரஸாக்களில் ஓதப்படுகிறது. பொதுப் பாதையின் மேல் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு பலகையையோ தூவானத்தையோ நீட்டி, அது விழுந்து வழிப்போக்கர் இறந்தால் ஈட்டுத்தொகை உண்டு என்று அதில் சொல்லப்படுகிறது. அது மட்டுமன்று. வேலை முடிவதற்கு முன் விழுந்தால் பொறுப்பு வேலையாட்களைச் சாரும். முடித்துக் கொடுத்தபின் விழுந்தால் வீட்டுக்காரரைச் சாரும் என்று பிரித்தும் காட்டப்படுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த மஸ்அலா, பள்ளிக்கரணைச் சாலைக்காகவே எழுதப்பட்டது போல் இல்லையா?

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. பொருள் தன் கையில் இருக்கும் வரை பொறுப்பும் கையைவிட்டுப் போவதில்லை. பேனரைக் கட்டுவது வடிவமைப்பவரின் கையில் இல்லை. ஆனால் அதன் எழுத்தும், அளவும், அடியில் இருக்க வேண்டிய அனுமதி வரியும் அவர் கையில்தான் இருக்கின்றன.

எல்லை எங்கே?

இங்கே ஒருவர் கேட்கலாம்: ‘இப்படியே போனால் காகிதம் விற்றவர், மை விற்றவர், மின்சாரம் கொடுத்தவர் எல்லோருமே குற்றவாளிகள் ஆகிவிட மாட்டார்களா?’ நியாயமான கேள்வி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கூறுகிறார்கள். அரசர்களுக்கு ஆடை தைத்து வந்த தையற்காரர் ஒருவர், தாமும் அநியாயக்காரர்களின் உதவியாளர்களில் சேர்ந்துவிடுவோமோ என்று அஞ்சி, அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களிடம் கேட்டார். உமக்கு ஊசியும் நூலும் விற்பவர்தாம் உதவியாளர், நீரோ அநியாயக்காரர்களிலேயே ஒருவர் என்ற கருத்தில் அவர்கள் பதில் கூறினார்களாம். பேணுதலின் உச்சம் அது. தன்னைத் தானே எடைபோட்டுக்கொள்ள விரும்பும் நெஞ்சுக்கு அது நல்ல மருந்து. ஆனால் அடுத்தவர் மீது தீர்ப்பு வழங்க அதை எடுத்தாள முற்பட்டால், உலகில் எந்தத் தொழிலும் மிஞ்சாது.

ஃபிக்ஹின் பார்வை இன்னும் அளந்து நடக்கிறது. மதுவைச் சுமந்து செல்லும் கூலியைப் பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், சுமப்பது தன்னளவில் பாவமன்று என்று கண்டு அந்தக் கூலியை ஆகுமாக்கினார்கள். அவர்களின் மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவரும் அதை வெறுக்கத்தக்கது என்றார்கள். ஆசிரியரும் மாணவர்களுமே மாறுபட்டிருக்கிறார்கள் என்றால், வினா எவ்வளவு நுட்பமானது என்பதை நாம் உணர வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் திராட்சைப் பழத்தை வைத்து இன்னோர் அளவுகோல் தரப்படுகிறது. வாங்குபவர் அதை மதுவாக்கப் போகிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் அவருக்கு விற்பது ஹராம்; ஐயம் மட்டும் என்றால் மக்ரூஹ். தெரியவே தெரியாது என்றால் பழம் விற்பதில் பிழை ஏது?

இந்த அளவுகோலை அச்சகத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒருவர் வந்து, ‘மதிப்பெண் சான்றிதழில் ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றிக் கொடு’ என்கிறார். பிறந்த தேதியையோ, மருத்துவச் சான்றையோ திருத்தச் சொல்கிறார். இங்கு ஐயத்துக்கு இடமே இல்லை. வடிவமைப்பவரின் கை அசைவுதான் அந்தப் பொய். பெரும் பாவங்களை எண்ணிச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியைப் பற்றிச் சொல்ல வந்தபோது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. ஓர் எண்ணைத் திருத்துவது கணினித் திறமையன்று. எழுத்தில் சொல்லும் பொய்ச் சாட்சி.

அனுமதியற்ற பேனர் இதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. எழுதியதில் பொய் இல்லை. வாழ்த்துத்தான். ஆனால் அது நிற்கப்போகும் இடத்தில் தீங்கு உண்டு. இங்கே அறிவு எவ்வளவோ பொறுப்பும் அவ்வளவு. கேட்டுத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேளாமல் இருப்பது அறியாமை ஆகாது. கடைக்கு உள்ளேயே மாட்டப்போகும் விலைப் பலகைக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. பிற சமயத்தாரின் விழா அழைப்பிதழ்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அது தனி மஸ்அலா. அவரவர் மத்ஹபின் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

மறுக்க முடியாதவனின் பொறுப்பு

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். எழுத்தருக்குத் தீங்கு இழைக்கலாகாது என்பது அது.

பயிற்சிப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊதியம் இல்லை, அல்லது பஸ் செலவுக்கு ஏதோ கொஞ்சம். சான்றிதழ் முதலாளியின் கையில். மாஸ்டரைப் பகைத்துக்கொண்டால் தொழில் நுணுக்கம் கற்றுத்தர ஆளில்லை. இந்நிலையில் இருப்பவனிடம், ‘நீ ஏன் மறுக்கவில்லை?’ என்று நாம் மேடையில் நின்று கேட்பது எளிது. ஆனால் மறுக்கும் ஆற்றலைப் பறித்துக்கொண்டு பொறுப்பை மட்டும் தலையில் கட்டுவது அநீதியன்றோ? எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சோதிப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. அல்லாஹ் சுமத்தாததை அடியார்கள் சுமத்தலாமா?

தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், இயலாவிட்டால் நாவால், அதுவும் இயலாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின் பலவீனமான நிலை என்ற நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அச்சகத்தில் இம்மூன்று படிகளும் கண்கூடாக இருக்கின்றன. வேலையை ஏற்கவும் மறுக்கவும் முடிந்த முதலாளிக்குக் கையின் படி. எடுத்துச் சொல்லக்கூடிய மூத்த வடிவமைப்பாளருக்கு நாவின் படி. பயிற்சிப் பிள்ளைக்கு உள்ளத்தின் படியேனும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அவன் நாவின் படிக்கும் ஏற முடியும். அதற்கு வீரம் தேவையில்லை. ‘அண்ணே, அனுமதி எண் என்ன போடட்டும்?’ என்று கேட்டாலே போதும். அது எதிர்ப்பன்று, தொழில்முறைக் கேள்வி. ஆயினும் அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இப்படிக் கேட்பது வெட்கத்துக்கு உரியதன்று. பள்ளிக்கரணை விபத்துக்குப் பின் ஒரு மாதத்தில், 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். வழியில் வரவேற்புப் பேனர்கள் வைக்க வேண்டி அரசே உயர் நீதிமன்றத்தின் வாசலுக்குச் சென்றது. முந்தைய 2018 டிசம்பரில் பேனர்களுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்ததே காரணம். அக்டோபர் 3 அன்று, விதிகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் கூறியது. இரு பெரும் நாடுகளின் தலைவர்களை வரவேற்கவே அனுமதி கேட்க வேண்டியிருந்ததென்றால், நம் தெருவில் ஒரு காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் அனுமதி உண்டா என்று கேட்பதில் என்ன குறைவு?

ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறுவதாக புகாரியில் ஹதீஸ் குத்ஸீ வந்திருக்கிறது. பயிற்சி என்ற பெயர் அந்த எச்சரிக்கையிலிருந்து தப்புவிக்காது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019-ல் திருத்தப்பட்ட விதிகள், பழகுநரின் படிப்புக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். நம் ஊர் அச்சகங்களில் பலவும் இந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாத சிறு கடைகள். சட்டம் எட்டாத இடத்தில்தான் தக்வா வேலை செய்ய வேண்டும். கூலி வாங்குபவனுக்கு மறுக்கவும் சற்று தெம்பு இருக்கும். இலவசமாக உழைப்பவனுக்கு அந்தத் தெம்பும் இருப்பதில்லை.

இன்னொன்றையும் மறந்துவிடலாகாது. இந்தத் தொழிலின் தீங்கு தொழிலாளியையும் தாக்குகிறது. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டம் சரிந்து, அதில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் மூவர் மாண்டனர். ஏணியில் நின்றவர்களுக்கு அந்த விளம்பரத்தால் என்ன ஆதாயம் இருந்திருக்கும்?

நாம் செய்ய வேண்டியது

‘நான் மறுத்தால் அடுத்த கடைக்காரன் அச்சிட்டுக் கொடுப்பான்; நஷ்டம் எனக்குத்தானே?’ என்று முதலாளி கேட்கலாம். கடை வாடகையும் மின் கட்டணமும் உண்மைதான். ஆனால் மறுமையில் அடுத்த கடைக்காரனின் ஏட்டை நம் கையில் கொடுக்கப்போவதில்லை. உலக வழியிலும் இதற்குத் தீர்வு உண்டு. ஓர் ஊரின் அச்சகத்தார் கூடி, அனுமதி எண் இல்லாமல் சாலைப் பேனர் அச்சிடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டால், வாடிக்கையாளர் போவதற்கு அடுத்த கடை ஏது? ஒருவர் மட்டும் சுமந்தால் பாரமாகத் தோன்றுவது, எல்லோரும் சேர்ந்தால் தொழில் வழக்கமாகிவிடும்.

நம் ஜமாஅத்துகளும் தம்மைத் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிக்காஹ் வரவேற்புகள், மீலாது மேடைகள், மதரஸா ஆண்டு விழாக்கள் ஆகியவற்றுக்கு நாம் வைக்கும் பேனர்கள் எல்லாம் முறையான அனுமதியோடுதான் நிற்கின்றனவா? ஈமானின் எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகளில் மிகச் சிறியது பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது என்று போதித்த நபியின் உம்மத் நாம். பாதையோரத்தில் அமர்பவர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும், யாருக்கும் தொல்லை தரலாகாது என்று கற்பித்தவர்களும் அவர்களே. அந்த நபியின் பிறப்பைக் கொண்டாடும் பேனரே ஒரு வழிப்போக்கரின் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தால், அதைவிட முரண் வேறு உண்டா?

பெற்றோர்களே! பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புமுன், கடையில் என்ன இயந்திரம் இருக்கிறது என்று மட்டும் விசாரித்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்த முதலாளி எதை மறுப்பவர் என்பதையும் விசாரியுங்கள். முதலாளிகளே! பயிற்சிப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: போலிச் சான்றிதழ் வேலை இந்தக் கடையில் கிடையாது; அனுமதி எண் இல்லாமல் சாலைப் பேனர் கிடையாது; சந்தேகம் வந்தால் என்னிடம் கேள், உன் சான்றிதழுக்கு ஒரு குறையும் வராது. இந்த நான்கு வார்த்தை, அந்தப் பிள்ளையின் கையைப் பாவத்திலிருந்து காக்கும் வேலியாகும். அவன் சுமக்க முடியாத பங்கை நீங்கள் உங்கள் தோளில் வாங்கிக்கொள்கிறீர்கள். அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு.

தொழில் பழகும் இளைஞர்களே! உங்கள் கையில் இருக்கும் திறமை சாதாரணமானதன்று. ஓர் எழுத்தைப் பெரிதாக்கினால் கூட்டம் கூடுகிறது. ஓர் எண்ணை மாற்றினால் ஒருவரின் வாழ்வே மாறுகிறது. ஒருவர் அமைதியாக வீடு திரும்புவதும்கூடச் சில வேளை நீங்கள் சேர்க்கும் அல்லது சேர்க்க மறக்கும் ஒரு வரியில் இருக்கிறது. எல்லாவற்றையும் தடுக்க உங்களால் ஆகாது; அதை அல்லாஹ்வும் கேட்கப்போவதில்லை. தெரிந்ததைத் தெரியாதது போல் செய்யாதீர்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். கைக்குரிய பங்கு அவ்வளவே. ஆனால் அந்தப் பங்கு உண்டு.

வாரந்தோறும் நம் வீடுகளில் யாசீன் ஓதுகிறோம். வாய்களுக்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும் அந்த நாளைப் பற்றி அதில் ஓதிக் கடந்துவிடுகிறோம். அந்நாளில் நம் கைகள் நமக்குச் சாதகமாகப் பேசும் வண்ணம் இன்றைய நம் எழுத்துகளை அமைத்துக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.